திருமேனி மாமாவும் இரண்டு வேகங்களும்

"மாமா! திருமேனி மாமா! எழுந்திருங்க! கல்யாணம் இன்னைக்குத்தானாம்!"

விடிந்தும் விடியாத நேரத்தில் பெருச்சாளியின் வளை வாசலில் நின்று காக்கை கத்தியது. காக்கை கத்தினால் விருந்து வரும் என்பார்கள். இந்தக் காக்கை கத்தியதில் தலைவலிதான் வந்தது.

வளைக்குள்ளிருந்து முதலில் ஒரு மூக்கு வந்தது. பிறகு மீசை வந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் திருமேனி மாமா முழுவதுமாக வந்து சேர்ந்தார். புளியங்காட்டில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. மேனி பெரிது, மனசு அதைவிடப் பெரிது, கையில் வைத்திருக்கும் மூட்டை இரண்டையும்விடப் பெரிது. பக்கத்துக் குட்டைக்குக் குளிக்கப் போனாலும் நாலு மூட்டை கட்டிக்கொண்டு போகிறவர் அவர்.

"என்னடா உளறுறே? நாளைக்கு மறுநாள்னுதானே சொன்னாங்க!" என்றார் மாமா.

"பல்லி சொல்லிடுச்சு மாமா! மாப்பிள்ளையோட அம்மா தெக்குப் பக்கம் பல்லி கத்துறதைக் கேட்டாங்களாம். நாளைக்கு ஆகாதாம். மறுநாள் ஆகவே ஆகாதாம். இன்னைக்கு அந்தியிலேயே முகூர்த்தம்! உங்க தங்கச்சி என்னை நேத்தே அனுப்பிட்டாங்க. 'அண்ணனை வேகமா வரச் சொல்லு'ன்னு சொன்னாங்க. இன்னும் என்னமோகூடச் சொன்னாங்க. வழியில ஒரு செத்த எலியைப் பார்த்தேனா, அதுல மறந்துபோச்சு."

"செத்த எலியா!" என்று மாமா நெஞ்சில் கை வைத்தார். 

"உங்க சொந்தக்காரங்க இல்ல மாமா, பயப்படாதீங்க!"

மாமா அப்படியே உட்கார்ந்துவிட்டார். விஷயம் சின்ன விஷயம் இல்லை. அவருடைய தங்கை நாச்சியாள் நாலு காதத்துக்கு அப்பால், மலைக்கு அந்தப் பக்கம் கூழாங்குளத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவள் மகள் மருக்கொழுந்துக்குத்தான் கல்யாணம். அந்தப் பெண்ணின் அப்பனைப் போன மழைக்காலத்தில் வெள்ளம் கொண்டுபோய்விட்டது. இனி அவளுக்கு அப்பன், மாமன் எல்லாம் திருமேனி ஒருவர்தான்.

பெருச்சாளிக் குலத்தில் ஒரு வழக்கம் உண்டு. தாய்மாமன் மணப்பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து மணவறையில் இறக்கினால்தான் தாலி ஏறும். பொழுது சாய்வதற்குள் மாமன் வரவில்லையென்றால் கல்யாணம் நின்றுவிடும். நின்றால் நின்றதுதான். மாப்பிள்ளையின் அம்மா வேறு இடம் பார்க்கப் போய்விடுவாள். அவளுக்குப் பல்லி எந்தத் திக்கிலும் சொல்லும்.

"நாலு காதம்! என் காலை வெச்சுக்கிட்டு நான் போனா, மருக்கொழுந்தோட பேத்தி கல்யாணத்துக்குத்தான் போய்ச் சேருவேன்! பிள்ளையாரையே சுமந்த குலத்துல பிறந்தவன் நான்! எனக்கு ஒரு வாகனம் கிடைக்கலையே!" என்று புலம்பினார் மாமா.

சத்தம் கேட்டுக் காடே கூடிவிட்டது. அணில் வந்தது, உடும்பு வந்தது, ஊர்வம்பு என்றால் சோற்றை விட்டுவிட்டு வரும் குரங்கு வந்தது.

"இதுக்கா அழுகை? வேகமா ஓடுறவங்க முதுகுல ஏறிக்கிட்டுப் போக வேண்டியதுதானே!" என்றது குரங்கு.

புளியங்காட்டில் வேகம் என்றால் இரண்டே பேர். ஒருவன் துடிவேலன் என்ற புள்ளிமான். மெலிந்த உடம்பு, சின்னக் குளம்பு, ஓர் இடத்தில் நில்லாத கால். இன்னொருத்தி பெரியநாயகி என்ற குதிரை. நீண்ட கால், அகன்ற முதுகு, அவசரப்படாத முகம். இருவரில் யார் வேகம் என்று அந்தக் காட்டில் பேசிப் பேசியே பல பேருக்குப் பல் விழுந்துவிட்டது. ஏனென்றால் அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு சொல்தான். மான் ஓடினாலும் 'வேகம்' என்றார்கள், குதிரை ஓடினாலும் 'வேகம்' என்றார்கள். வினை அங்கேதான் இருந்தது.

"துடிவேலன்தான் வேகம்!" என்றது அணில்.

"பெரியநாயகிதான் வேகம்!" என்றது உடும்பு.

"ஓடவிட்டுப் பார்த்துட்டா தெரிஞ்சுடும்! நண்டுப்பாறையைச் சுத்தி யாரு முதல்ல வர்றாங்களோ, அவங்க முதுகுல மாமா ஏறட்டும்!" என்று தீர்ப்புச் சொன்னது குரங்கு.

பெரியநாயகி தலையை ஆட்டினாள். "எனக்குப் போட்டியெல்லாம் வேண்டாமே! அண்ணன் எங்கே போகணும்னு சொன்னீங்கன்னா, ஏத்திக்கிட்டுக் கிளம்பிடுவேன்."

யார் கேட்டார்கள்! பந்தயம் என்ற சொல் காதில் விழுந்த பிறகு கூட்டத்துக்குக் கல்யாணமே மறந்துவிட்டது. மாமா மட்டும் சூரியனைப் பார்த்துப் பார்த்துக் கையைப் பிசைந்தார்.

நண்டுப்பாறையைச் சுற்றிப் போகும் பாதையில் ஏழு வளைவுகள். ஒரு வளைவில் திரும்பி மூச்சு விடுவதற்குள் அடுத்த வளைவு வந்து நிற்கும். குரங்கு வாலைத் தூக்கிக் கீழே போட்டது. இரண்டு பேரும் பாய்ந்தார்கள்.

ஆகா, துடிவேலன் ஓடியதைப் பார்த்திருக்க வேண்டும்! முதல் வளைவில் உடம்பைச் சாய்த்தான். இரண்டாவதில் ஒற்றைக் காலை ஊன்றித் திரும்பினான். மூன்றாவதில் பாதையைத் தொட்டானா இல்லையா என்றே தெரியவில்லை. பார்த்தவர்கள் கை தட்டக்கூட மறந்துபோனார்கள். பெரியநாயகியோ மூன்றாவது வளைவில் திரும்ப முடியாமல் நேரே போய் உண்ணிச்செடிப் புதரில் நுழைந்தாள். புதரோடு வெளியே வந்தாள். பந்தயம் தொடங்கிய ஆலமரத்தடிக்கு அவள் திரும்பி வந்து சேர்ந்தபோது துடிவேலன் ஒரு வாய் புல் தின்று முடித்திருந்தான்.

"அம்மாடி! வாலெல்லாம் முள்ளு!" என்று பெரியநாயகி தானே சிரித்தாள். அவளுக்குத் தோற்றதில் வருத்தமே இல்லை.

"துடிவேலனே வேகம்!" என்று காடு கூவியது.

மாமா தம் சீர்வரிசையைக் கட்டினார். இரண்டு தேங்காய், ஒரு மூட்டை வள்ளிக்கிழங்கு, ஓலைப்பெட்டி நிறைய முறுக்கு, பெண்ணுக்கு ஒரு பட்டு, எல்லாவற்றுக்கும் மேலாகக் கழுத்துவரை மலைத்தேன் நிரம்பிய ஒரு மண்கலயம். அத்தனையும் மானின் முதுகில் ஏறின. கடைசியாக மாமாவும் ஏறினார்.

"அண்ணே, மூட்டையை மட்டுமாவது என் முதுகுல வைக்கலாமே! நான் பின்னாலேயே வாறேன்!" என்றாள் பெரியநாயகி.

"தோத்தவங்க முதுகுல சீர் போகக்கூடாது தாயி! சகுனம் சரியில்ல!" என்றார் மாமா. காலையில் பல்லி சகுனத்தால் புலம்பிய அதே வாய்தான் இதையும் சொன்னது!

"பிடிச்சுக்குங்க மாமா!" என்றான் துடிவேலன்.

எதைப் பிடிப்பது? அந்த முதுகில் பிடிக்க ஒன்றுமே இல்லை. முதுகெலும்பு ஏர்க்கால் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. மான் முதல் துள்ளு துள்ளியதும் மாமா மேலே போனார். மாமா கீழே வந்தபோது மான் மறுபடி மேலே வந்துகொண்டிருந்தது.

"ஐயோ! மெதுவாடா!"

"மெதுவாவா? எனக்கு அது வராதே மாமா!"

பாதையில் கிடந்த ஒவ்வொரு கல்லையும் மாமா தம் இடுப்பால் எண்ணினார். தேன் தளும்பி முகத்தில் வழிந்தது. ஈக்கள் வந்தன. ஓலைப்பெட்டிக்குள் முறுக்கு உடைகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்போது ஓடைக்கரையில் அழகான ஒரு வளைவு வந்தது. துடிவேலன் காற்றாக அதில் திரும்பினான். திரும்பி, சட்டென்று நின்று, வந்த வழியே ஓட ஆரம்பித்தான்!

"டேய்! டேய்! எங்கேடா போறே? கூழாங்குளம் அந்தப் பக்கம்டா!"

"அந்த வளைவைப் பார்த்தீங்களா மாமா? என்ன வாகா இருந்துச்சு! இன்னும் ஒரே ஒரு தடவை!"

ஒரே ஒரு தடவை மூன்று தடவை ஆனது. மூன்றாவது தடவை துடிவேலன் ஆனந்தத்தில் கூவியே விட்டான். அவன்மேல் கோபப்பட்டும் பயனில்லை. கெட்ட எண்ணம் துளிகூடக் கிடையாது. வளைவைக் கண்டால் அவனுக்குக் கல்யாணமும் தெரியாது, கருமாதியும் தெரியாது.

ஒரு காதம் போவதற்குள் அவன் நாலு தடவை தண்ணீர் குடித்தான், ஐந்து தடவை புல் தின்றான். பிறகு பொட்டல் வந்தது. வளைவே இல்லை. மரமும் இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஒரே நேர்வழி. துடிவேலன் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பாய்ச்சல் பாய்ந்தான். இன்னொரு பாய்ச்சல் பாய்ந்தான். மூன்றாவது பாய்ச்சலில் கால் மடங்கி விழுந்தான். தேங்காய் ஒரு பக்கம் உருண்டது, மாமா ஒரு பக்கம் உருண்டார். எது தேங்காய், எது மாமா என்று மேலே பறந்துவந்த காக்கைக்கே ஒரு கணம் புரியவில்லை.

உச்சி வெயில் கொளுத்தியது. ஒற்றை வேலமரத்து நிழலில் மான் மூச்சு வாங்கியது. அதன் நெஞ்சு அடித்துக்கொள்வதைக் கண்ணால் பார்க்க முடிந்தது.

"மாமா, பந்தயத்துல செயிச்சவன் நான்தானே? அப்புறம் ஏன் என்னால முடியல?" என்று கேட்டான் துடிவேலன். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது.

மாமாவுக்குத் திட்ட வாய் வரவில்லை. தேன் வழிந்த மீசையைத் துடைத்துக்கொண்டு மலைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "மருக்கொழுந்து வாசலைப் பார்த்துக்கிட்டே இருப்பாளே! அப்பன்தான் இல்ல, மாமனும் வரலையேன்னு நினைப்பாளே!" என்றார்.

அப்போது காக்கை சிறகை அடித்துக்கொண்டு குதித்தது.

"ஞாபகம் வந்துடுச்சு! ஞாபகம் வந்துடுச்சு! உங்க தங்கச்சி சொன்னது என்னன்னா, 'அண்ணனை வேகமா வரச் சொல்லு, முழுசா வந்து சேரச் சொல்லு'!"

"அடப்பாவி! அந்தப் பாதியையா செத்த எலிக்குத் தின்னக் கொடுத்தே! பற! பறந்துபோய்ப் பெரியநாயகியைக் கூட்டிட்டு வா! நான் சொன்னது தப்புன்னு சொல்லு! மன்னிச்சுக்கச் சொல்லு!"

"எதை முதல்ல சொல்லட்டும்?"

"எதையாவது சொல்லுடா! மறக்காம சொல்லு!"

காக்கை வெகுதூரம் பறக்க வேண்டியிருக்கவில்லை. பெரியநாயகி ஏற்கெனவே ஓடைக்கரைவரை வந்திருந்தாள். மானின் முதுகில் அத்தனை மூட்டையையும் பார்த்தபோதே அவளுக்கு மனசு கேட்கவில்லை. வந்தவள், "நான் அப்பவே சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொட்டலில் சிதறிக் கிடந்ததையெல்லாம் பொறுக்க உதவினாள். மூட்டைகள் அவள் முதுகில் ஏறின. ஏறிய பிறகும் மாமா காலை நீட்டிப் படுக்க இடம் இருந்தது.

"அக்கா, நீங்கதான் வேகம். நான் சும்மா!" என்றான் துடிவேலன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

"போடா பைத்தியக்காரா! நண்டுப்பாறையில உன்னை மாதிரி திரும்ப எனக்கு ஏழு பிறவி ஆகும். நீ ஓடுறது ஓடுறதுக்காக. நான் ஓடுறது போய்ச் சேர்றதுக்காக. ரெண்டுக்கும் வேகம்னு ஒரே பேரை வெச்சுட்டாங்க, அவ்வளவுதான்! எழுந்திரு, சுமை இல்லாம கூடவே வா. கால் வலிச்சா நில்லு, அப்புறம் ஓடி வந்து பிடிச்சுக்க."

பெரியநாயகி கிளம்பினாள். முதலில் நடந்தாள். நடை நீண்டது. நீண்ட நடையே எப்போது ஓட்டமாக மாறியது என்று யாருக்கும் தெரியவில்லை. கல் வந்தது, பள்ளம் வந்தது, அவை எல்லாம் அவள் காலோடு நின்றுவிட்டன. முதுகுவரை ஏறி வரவில்லை. துடிவேலன் பக்கத்தில் பாய்வான், நிற்பான், மூச்சு வாங்குவான், மறுபடி பாய்ந்து வந்து சேருவான். அவள் மூச்சு மட்டும் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது.

நெடுநேரம் கழித்து மாமா கண்ணைத் திறந்தார். "கிளம்பலாமா தாயி? நேரமாகுதே!"

"பொட்டலைத் தாண்டியாச்சு அண்ணே! கிளுவை ஓடையையும் தாண்டியாச்சு! நீங்க குறட்டை விட்டதுல வழியில இருந்த கௌதாரியெல்லாம் பறந்துபோச்சு!"

மாமா எழுந்து உட்கார்ந்தார். எதிரே மலை நின்றது. கலயத்தைத் தொட்டுப் பார்த்தார். மான் முதுகில் சிந்தியது போக மீதி இருந்த தேன், இருந்த அளவு அப்படியே இருந்தது. அவருக்கு வந்த மகிழ்ச்சியில் குதிரையின் பிடரியில் முத்தமே கொடுத்துவிட்டார்.

ஆனால் மலையடிவாரத்தில் பெரியநாயகி நின்றுவிட்டாள்.

கூழாங்குளத்துக்கு அங்கிருந்து இரண்டு வழிகள். மலையைச் சுற்றிப் போகிற வழி அகலமானது, ஆனால் நீளம். இன்னொரு வழி மலைக்கு நடுவே போகிற ஒரு சந்து. இரண்டு பக்கமும் பாறை. பாம்பு ஊர்ந்த தடம் மாதிரி வளைந்து வளைந்து போகும். குதிரையின் தலை நுழைந்தால் உடம்பு நுழையாது. சந்துக்கு அப்பாலிருந்து தவளைகளின் மேளம் மெல்லக் கேட்டது. கல்யாண மேளம்! மேற்கே சூரியன் மலை உச்சிக்கு மேல் ஒரு மூங்கில் உயரத்துக்கு இறங்கிவிட்டது.

"சுத்திப் போனா பொழுது சாய்ஞ்சுடும் அண்ணே. என்னால இதுக்கு மேல முடியாது. இது தம்பியோட வழி," என்றாள் பெரியநாயகி.

"நானா!" என்று துடிவேலன் பின்வாங்கினான். "வேண்டாம்கா! மறுபடியும் மாமாவைக் கீழே போட்டுடுவேன்! மூட்டையோட என்னால முடியாது!"

மாமா மூட்டைகளைப் பார்த்தார். சூரியனைப் பார்த்தார். மறுபடி மூட்டைகளைப் பார்த்தார். வெறும் கையோடு தங்கை வீட்டு வாசலில் நிற்பதா? சீர் இல்லாத மாமன் என்று சம்பந்தி சிரிக்கமாட்டாளா? ஆறு மாதமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த சீர் அது. ஒவ்வொரு முறுக்கையும் அவரே பொறுக்கி அடுக்கியிருந்தார்.

தவளை மேளம் இன்னும் வேகமாக ஒலித்தது.

"மூட்டையா சுமந்து மணவறையில இறக்கும்? மாமன்தானே இறக்கணும்! சீர் பின்னால வரட்டும்! பெரியநாயகி, நீ சுத்தி வா தாயி! வாடா துடிவேலா!" என்றார் மாமா.

பிறந்ததிலிருந்து முதல்முறையாகத் திருமேனி மாமா ஒரு மூட்டைகூட இல்லாமல் கிளம்பினார். தலைப்பாகையைக்கூடக் கழற்றிக் குதிரையின் முதுகில் மூட்டைகளோடு வைத்துவிட்டார். இரண்டு கையும் சும்மா இருந்ததால் மானின் கழுத்தை நன்றாகக் கட்டிக்கொண்டார்.

துடிவேலன் சந்துக்குள் பாய்ந்தான்.

இடது! வலது! மறுபடி இடது! பாறை முகத்துக்கு நேரே வந்தது. வந்த பாறை காதோரம் விலகிப் போனது. மாமா முதலில் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு இரண்டையும் திறந்தார். மான் சாய்ந்த பக்கம் தாமும் சாய்ந்தார். வயிற்றுக்குள் என்னவோ கிச்சுக்கிச்சு மூட்டியது. மாமா வாய்விட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்!

"அடேய்! நீ எதுக்கு மூணு தடவை திரும்பிப் போனேன்னு இப்பத்தான்டா புரியுது!"

"இன்னொரு தடவை போவோமா மாமா?"

"கொன்னுடுவேன்! நேரே ஓடு!"

அங்கே கூழாங்குளத்தில், மாப்பிள்ளையின் அம்மா வரகாத்தாள் எழுந்து நின்று சேலையைத் தட்டிக்கொண்டிருந்தாள். "மாமன் வரலை. பல்லி தெக்கே சொன்னப்பவே நினைச்சேன். எழுந்திருடா தம்பி, போகலாம்!" என்றாள். மாப்பிள்ளைப் பெருச்சாளி எழுந்திருக்க மனமில்லாமல் மணவறைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். மருக்கொழுந்து அழவில்லை. சந்தின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தச் சந்திலிருந்து ஒரு மான் வந்து விழுந்தது. மான்மேலிருந்து ஒரு மாமன் வந்து விழுந்தார்.

"மாமா!" என்று கத்தினாள் மருக்கொழுந்து. அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"அழாதே கண்ணு, மை கலைஞ்சுடும்!" என்றார் மாமா. அவருடைய மீசையில் தேன், முதுகில் முள், தலையில் தலைப்பாகை இல்லை. ஆனாலும் அந்த நிமிஷத்தில் அவரைவிட அழகான மாமன் அந்த மலைநாட்டில் இல்லை.

வரகாத்தாள் அவர் கைகளைப் பார்த்தாள். "மாமன் வந்தாச்சு, சரி. சீர் எங்கே?"

நாச்சியாள் முன்னால் வந்தாள். அதுவரை சம்பந்தியிடம் ஒரு வார்த்தை உரக்கப் பேசாதவள் அவள். "என் அண்ணன் வந்ததே சீர்தான் சம்பந்தி! இதுக்கு மேல என்ன வேணும்? நகருங்க, பொழுது சாயுது!" என்றாள்.

வரகாத்தாள் நகர்ந்துவிட்டாள்!

திருமேனி மாமா மருக்கொழுந்தைத் தோளில் தூக்கினார். இடுப்பு வலித்தது. வலிக்கட்டும் என்று நடந்தார். அவர் அவளை மணவறையில் இறக்கியபோது சூரியன் மலைமேல் உட்கார்ந்திருந்தது. தாலி ஏறியபோது அது இறங்கியது. தவளைகள் கெட்டிமேளம் கொட்டின. குளத்தங்கரை முழுக்கக் குலவைச் சத்தம்.

பந்தியில் இலை போடுகிற நேரத்தில், குளம்புச் சத்தம் கேட்டது. பெரியநாயகி மலையைச் சுற்றி வந்துவிட்டாள். மூச்சு இரைக்கவில்லை, வியர்வைகூட அதிகம் இல்லை. தேங்காய் இரண்டும் இருந்தன. கிழங்கு இருந்தது. பட்டு கசங்காமல் இருந்தது. தலைப்பாகைகூட வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. முறுக்கு மட்டும் மான் முதுகில் உடைந்தது உடைந்ததுதான். நாச்சியாள் அதைத் தேனில் பிசைந்து உருண்டை பிடித்துவிட்டாள். வரகாத்தாள் ஓர் உருண்டை தின்றாள். பிறகு இன்னொன்று தின்றாள். ஐந்தாவது உருண்டைக்குப் பிறகு, "அடுத்த கல்யாணத்துக்கும் இதையே செய்யச் சொல்லணும்!" என்றாள்.

மாப்பிள்ளை வீட்டார் கிளம்புகிற நேரம் வந்தது. வரகாத்தாள் மானைப் பார்த்தாள், குதிரையைப் பார்த்தாள். மாமாவின் அருகே வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"சம்பந்தி, நாங்களும் ஊர் போய்ச் சேரணும். இந்த ரெண்டுல எது நல்ல வாகனம்? உள்ளதைச் சொல்லுங்க!"

காலையில் கேட்டிருந்தால் மாமா ஒரு பெயரைச் சொல்லியிருப்பார். இப்போது தலைப்பாகையைக் கட்டிக்கொண்டே அவர் திருப்பிக் கேட்டார்.

"எந்த வழியாப் போறீங்க சம்பந்தி? கையில எத்தனை மூட்டை?"

வரகாத்தாளிடம் பதினோரு மூட்டைகள் இருந்தன. அவள் நேரே போய்க் குதிரையின் முதுகில் ஏறிக்கொண்டாள். புது மாப்பிள்ளையும் புதுப் பெண்ணும், "நாங்க சந்து வரைக்கும் சும்மா ஒரு சுத்து போய்ட்டு வாறோம்!" என்று மானின்மேல் தாவி ஏறினார்கள். கையில் ஒரு மூட்டை இல்லை, போய்ச் சேர வேண்டிய ஊரும் இல்லை. துடிவேலனின் கால்கள் தரையில் நிற்கவில்லை. முதல் வளைவிலேயே மூன்று பேரும் சேர்ந்து போட்ட சிரிப்புக் கூச்சல் குளத்தங்கரைவரை கேட்டது.

நீதி: ஓடுவதற்காக ஓடும் வேகம் வேறு, கொண்டுபோய்ச் சேர்க்கும் வேகம் வேறு; எது பெரிது என்று கேட்காமல், தன் வழி எது, சுமை எவ்வளவு என்று கேட்டு ஏறுகிறவனே முழுசாகப் போய்ச் சேருவான்.